வேர்க்கடலைக்கு உரம்: சங்கக் கடனா, கிசான் கார்டா, கடைக் கடனா?

தமிழ்நாடு–ஆந்திர எல்லையில் உள்ள பள்ளிப்பட்டு, நகரி பக்கத்து இறவை வேர்க்கடலைக்கு, எக்டேருக்கு தழை, மணி, சாம்பல் சத்து 25:50:75 கிலோ என்ற பரிந்துரைப்படி ஏக்கருக்கு டிஏபி 43 கிலோ, யூரியா 5 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ போதும். 40–45ஆம் நாள் மண் அணைக்கும்போது ஜிப்சம் 160 கிலோ. ஆனால் காட்டில் விழுவது பெரும்பாலும் கடன் கொடுத்தவரிடம் இருந்த உரம்தான்.

கூட்டுறவுச் சங்கத்தில் வட்டி 7 சதவீதம். தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் அதுவும் கிடையாது. கடனில் ஒரு பங்கு உரமாகவே வருவதால் அது வேறு செலவில் கரையாது. ஆனால் குடோனில் இருப்பதைத்தான் தருவார்கள். பொட்டாஷ் இல்லாமல் 20:20:0:13 கலப்பு உரம் மட்டும் வந்தால் சாம்பல்சத்து சுத்தமாக விட்டுப்போகும். கடன் விதைப்புக்குப் பிறகு கிடைத்தாலும் சிக்கல்தான்: மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது, மேலே தூவினால் வேருக்குப் போய்ச் சேராது. வீடு தமிழ்நாட்டுப் பக்கம், நிலம் ஆந்திராவில் என்றால் இங்குள்ள சங்கம் கைகொடுக்காது.

உரக்கடைக் கடன் கேட்ட அன்றே கிடைக்கும், பத்திரம் வேண்டாம். அதற்கான விலைதான் கண்ணில் படுவதில்லை. 1,350 ரூபாய் டிஏபி மூட்டையை 1,500 என்று நோட்டில் எழுதி நான்கு மாதம் கழித்து வாங்கினால், அது ஆண்டுக்கு 33 சதவீத வட்டி. மூட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். கடன் வாங்கியவர் அதைக் கேட்க முடிவதில்லை. கூடவே பயிர் டானிக் பாட்டிலும் தலையில் கட்டப்படும். லாபம் குறைந்த, இடம் அடைக்கும் ஜிப்சத்தைப் பல கடைகள் வைப்பதே இல்லை.

ஜிப்சத்தை விடுவதுதான் பெரிய நஷ்டம். மண்ணில் இறங்கிய விழுதும் இளங்காயும், ஜிப்சம் தரும் சுண்ணாம்புச் சத்தை நேரடியாக மண்ணிலிருந்தே எடுக்கின்றன. அது கிடைக்காவிட்டால் செடி பச்சையாக நிற்கும், காய் பொக்காகும்.

அதனால் எங்கள் பரிந்துரை வங்கியின் கிசான் கார்டு, அதாவது விவசாயக் கடன் அட்டை. 3 லட்சம் வரை 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4. எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி என்பதால் மொத்தத்தையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். விதை, அடியுரத்துக்கு ஒருமுறை, 40ஆம் நாளுக்கு முன் ஜிப்சத்துக்கும் கூலிக்கும் ஒருமுறை. ஜிப்சம் வேளாண்மை விரிவாக்க மையத்தில் இருக்கிறதா என்று விதைக்கும்போதே விசாரித்துவிடுங்கள்.

கார்டு இல்லாதவர்கள் கடையில் வாங்கும்போது உர விற்பனைக் கருவியில் கைரேகை வைத்த உடனே ரசீதைக் கேட்டு வாங்கி, நோட்டில் எழுதிய விலையோடு ஒப்பிடுங்கள்.