அணைத்தால் திரும்ப எரியாது: 24 இன்ச் மானிட்டரோடு ஏழு வருஷம்

இந்த மானிட்டரை நான் கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் வாங்கியது 2017 ஆகஸ்டில். 24 இன்ச், ஐபிஎஸ் திரை, 499 வெள்ளி (ரிங்கிட்). பிராண்டு பெயர் வேண்டாம், ஏனென்றால் கீழே சொல்லப்போகும் கோளாறு ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமில்லை, யார் வீட்டு மானிட்டருக்கும் வரும். எனக்கு வேலை, பத்தாங் பெர்ஜுந்தையில் வீட்டிலிருந்தே சின்னக் குத்தகைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுவது. பெயர்ப்பலகையில் ஊர் பெஸ்தாரி ஜெயா ஆகிப் பல வருஷம் ஆகிறது, எங்கள் ஆட்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். செம்பனைக் குலை ஏற்றும் லோரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, இபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி, எல்லாமே எக்செல் கட்டம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் இந்தத் திரையைப் பார்த்தே என் தலைமுடி நரைத்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுத்து தெளிவு, கண் எரிச்சல் இல்லை, வெளிச்சத்தை 35இல் வைத்துவிட்டால் ராத்திரி வேலைக்கும் சுகம். ஏழு வருஷத்தில் ஒரு புள்ளிகூடச் சாகவில்லை. ஸ்பீக்கர்தான் மிலோ டின்னுக்குள் கொசு மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், வாங்கிய வாரமே அதை மறந்துவிட்டேன். ஸ்டாண்டு உயராது, அடியில் இரண்டு பழைய பேரேட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பகலில் அக்கா மகளின் பள்ளிக்கூடமும் ராத்திரியில் என் கணக்கும் இதே திரையில்தான் நடந்தன, ஒரு நாள் முகம் சுளிக்கவில்லை.

"மானிட்டர் எரியல" என்று நான் பதறிய சந்தர்ப்பங்கள் இதற்கு முன்னால் மூன்று உண்டு. மூன்றிலும் மானிட்டர் மேல் குற்றமில்லை. ஒருமுறை வீடு கூட்டும்போது வயரைக் கழற்றிய அம்மா, திரும்ப மாட்டும்போது எச்டிஎம்ஐ வயரை கிராஃபிக்ஸ் கார்டில் மாட்டாமல் மேலே மதர்போர்டில் இருக்கும் ஓட்டையில் மாட்டிவிட்டார், படம் வருவது கார்டு ஓட்டையில்தான், ஆனால் இரண்டும் பார்க்க ஒன்று போலத்தானே இருக்கிறது. இன்னொரு முறை மானிட்டர் மெனுவில் படம் வரும் வழி எச்டிஎம்ஐக்குப் பதில் விஜிஏ என்று மாறிக் கிடந்தது, அதற்கு நான் பிசியின் ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டி, விண்டோஸ் போய்விட்டது என்று முடிவுகட்டி, அரைநாள் வீணாக்கினேன். மூன்றாவது, சின்னச் சிவப்பெறும்பு. பவர் பட்டனுக்குள் கூடு கட்டி, பட்டன் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. மேசையில் பிஸ்கட் துகள் இருந்தால் எறும்பு வரும், எறும்பைத் தேடிப் பல்லி வரும், பல்லி மின்பலகைக்குள் போனால் இரண்டு பேருக்கும் கருமாதிதான்.

நாலாவதுதான் நிஜமான கேஸ். அது திடீரென்று வரவில்லை, ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது, எனக்குத்தான் காது கேட்கவில்லை. 2023 கடைசியில் ஒரு காலை, பட்டனை அழுத்தினால் நீல விளக்கு இரண்டு முறை மினுக்கிவிட்டு அப்புறம்தான் படம் வந்தது. சரி, தூக்கக் கலக்கம் போல என்று விட்டுவிட்டேன். சில மாதத்தில் ஐந்து முறை, பத்து முறை மினுக்கியது. மழை பெய்த காலை என்றால் இன்னும் மோசம், தே ஓ (பால் இல்லாத தேநீர்) ஆறிப்போகும்வரை மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒருமுறை எரிந்துவிட்டால் மட்டும் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. ஆகவே நான் கண்டுபிடித்த மகா வைத்தியம், அதை அணைக்காமலே விடுவது. அப்பா தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரம் வெட்டிய காலத்திலிருந்து விளக்கை அணைத்துப் பழகியவர், ராத்திரி எழுந்து போகும்போதெல்லாம் "இதுக்கு யாரு கரண்டு பில்லு கட்டுறது" என்று ஆரம்பிப்பார். அப்பா தூங்கிட்டுப் போங்கப்பா, அணைச்சா திரும்ப எரியாது என்பேன். நானே வியாதியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

2024 தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம், சாயங்காலம் வழக்கமான இடிமழை. தாமான் (குடியிருப்பு) முழுக்கக் கரண்டு போய், இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. பிசி விசிறி சுற்றுகிறது, கீபோர்டில் விளக்கு எரிகிறது, மானிட்டர் மட்டும் கல் மாதிரி. மினுக்கல்கூட இல்லை.

இந்த முறை ரேமைத் தொடவில்லை. மானிட்டரிலிருந்து எச்டிஎம்ஐ வயரை உருவிவிட்டு அதைத் தனியாக எரித்துப் பார்த்தேன். எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று அடித்துச் சொல்வேன். நல்ல மானிட்டர் என்றால் கம்ப்யூட்டர் இல்லாமலே "சிக்னல் இல்லை" என்று ஒரு கட்டம் காட்டும், காட்டினால் கோளாறு வயரிலோ பிசியிலோ மெனுவிலோ. காட்டாவிட்டால் கரண்டு உள்ளே வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிசியின் பவர் வயரும் மானிட்டரின் பவர் வயரும் ஒன்றுதான், மாற்றிப் போட்டேன், பலனில்லை. நம் மூன்று கால் பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்கிறது, மீட்டரில் பார்த்தேன், அது நல்லாத்தான் இருந்தது. வயரை உருவிவிட்டு பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து மறுபடி மாட்டும் வித்தையும் செய்தேன், சில சமயம் உள்ளே குழம்பிக் கிடக்கும் சிப்பை அது தெளியவைக்கும். ம்ஹும். உங்களுடையது வெளியே அடாப்டர் வைத்த மாடல் என்றால் இந்த இடத்தில் அடாப்டர் முனையில் வோல்டேஜ் பாருங்கள், மேலே 19 என்று எழுதியிருந்தால் ஏறக்குறைய 19 வர வேண்டும். எனக்கு அந்த வேலையைச் செய்யும் பவர் போர்டு மானிட்டருக்கு உள்ளேயே இருக்கிறது, அதனால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

டவுன் கம்ப்யூட்டர் கடைத் தவுக்கே (முதலாளி) பிளக்கை மாட்டக்கூட இல்லை. "சுடா ரோசாக் லா, பெலி பாரு லாகி செனாங்" (கெட்டுப்போச்சு, புதுசு வாங்குறதே சுலபம்) என்று புது மானிட்டர் பெட்டியைக் காட்டினார், 399 வெள்ளி. அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் விற்கிறவர், பிரித்துப் பார்க்கிறவர் அல்ல. பிரித்துப் பார்க்கிறவர் பின்தெருவில் இருக்கிறார். எங்கள் தோட்டத்து லயத்தில் பெரிய டிவி பெட்டிகளின் காலத்திலிருந்து எல்லா வீட்டு ரிப்பேரும் பார்த்த அண்ணன்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இது பட்டுனு போச்சா, இல்ல கொஞ்ச நாளா எழும்ப சோம்பல் படுதா?" சொன்னேன். "மழைன்னா ரொம்பப் படுதா?" ஆமாண்ணே என்றேன். சிரித்துவிட்டு, உள்ளே போய் அண்ணியின் முடி உலர்த்தும் மெஷினை எடுத்து வந்தார். மானிட்டரின் பின்பக்கக் காற்றோட்டத் துளைகளில், திரைப்பக்கம் போகாமல், மிதமான சூட்டில் நாலைந்து நிமிஷம் காட்டினார். அப்புறம் பட்டனை அழுத்தினார். மினுக், மினுக், படம் வந்துவிட்டது. அண்ணி வாசலில் நின்று "முடி காயவைக்கிற சாமான்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

காரணம் அவர் சொன்னதும் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்து இதுதான். பவர் போர்டில் கரண்டைக் கொஞ்சம் தேக்கிக் கொடுக்கும் கெப்பாசிட்டர்கள் உருளை உருளையாக நிற்கும், உள்ளே ஈரமான ரசாயனம். சூட்டில் வருஷக்கணக்காக அது காயக் காய, உள்தடை ஏறிவிடும், குளிராக இருக்கும்போது இன்னும் ஏறும். கிளம்பும்போது போர்டு ஒரு இழுப்பு கரண்டு கேட்கிறது, கெப்பாசிட்டரால் கொடுக்க முடிவதில்லை, வோல்டேஜ் விழுகிறது, காவல் காக்கும் சிப் நிறுத்திவிட்டு மறுபடி முயல்கிறது. அந்த முயற்சிதான் நான் பார்த்த மினுக்கல். எப்படியாவது எழுந்துவிட்டால் தன் சூட்டிலேயே கெப்பாசிட்டர் இளகி நாள் முழுக்க ஓட்டிவிடும். அணைக்காமல் நான் வைத்திருந்ததெல்லாம் வைத்தியமில்லை, கோளாறை மூடி வைத்ததுதான். இரண்டு மணி நேரம் கரண்டு போய் அது ஆறிய ராத்திரியில் குட்டு உடைந்தது. இடி அடித்து எரிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன், இடி அதைத் தொடவே இல்லை.

காலாவதியான டச் அன் கோ டோல் கார்டை விளிம்பில் நுழைத்து மானிட்டரின் பின்மூடியைத் திறந்தோம், ஒரு கிளிப் உடைந்தது. உள்ளே மூன்று கெப்பாசிட்டரின் தலை இட்லி மாதிரி உப்பி, ஒன்றின் உச்சியில் பழுப்புக் கசிவு. நல்லது என்றால் தலை தட்டையாக இருக்க வேண்டும். 1000 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட், 105 டிகிரி என்று எழுதியிருந்தது. அண்ணன் கையில் அந்த அளவு இல்லை, அடுத்த வாரம் கோலாலம்பூர் போனபோது ஜாலான் பாசாரில் அதே 1000, 105 டிகிரி, 25 வோல்ட் வாங்கி வந்தேன். வோல்ட் கூடலாம், குறையக் கூடாது. உள்தடை குறைந்த ரகமாகக் கேட்க வேண்டும். உருளையின் பருமனும் உயரமும் மூடிக்குள் அடங்க வேண்டும். பத்து வாங்கியும் பத்து வெள்ளி ஆகவில்லை. கூலி முப்பது வெள்ளி. பற்றவைத்து முடிக்க அவருக்கு இருபது நிமிஷம்.

கெப்பாசிட்டர்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு, சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்றால் 65 டிகிரியில் 32,000 மணி நேரம், நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரமாக வகுத்தால் ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். 2017 ஆகஸ்டிலிருந்து 2024 நவம்பர் வரை எண்ணிப் பார்த்தபோது கணக்கப்பிள்ளை மனசுக்கு ஒரு சந்தோஷம். உள்ளே 65 டிகிரிதான் இருந்ததா என்று நான் அளக்கவில்லை, அதனால் இதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தகரக் கூரைக்குக் கீழே, விசிறிக் காற்று எட்டாத மூலையில், சுவரோடு ஒட்டி வைத்திருந்தேன் என்பது உண்மை. இப்போது ஒரு முழம் தள்ளி வைத்திருக்கிறேன்.

நீங்களே திறக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று கேளுங்கள். போர்டில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதி நிற்கும். நம் 230 வோல்ட் கரண்டு அதில் 325 வோல்ட் வரை ஏறி உட்கார்ந்திருக்கும், பிளக்கை உருவிய பிறகும் கொஞ்ச நேரம் இறங்காமல் இருக்கலாம். அண்ணன் மீட்டர் வைத்துப் பார்த்து, பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் கை வைத்தார். நாற்பது வருஷம் பற்றவைத்தவர் அப்படிச் செய்தால், யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தவர் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பட்டனை அழுத்தினால் இரண்டு விநாடியில் படம், மழையோ வெயிலோ. ராத்திரி சுவர் சுவிட்சிலேயே அணைத்துவிடுகிறேன், அப்பாவுக்குப் பேச விஷயம் குறைந்துவிட்டது. உடைந்த கிளிப்பால் இடது கீழ் மூலையில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கிறது, எறும்பு நுழையாமல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். மிச்சம் ஏழு கெப்பாசிட்டரை அண்ணனிடமே கொடுத்துவிட்டேன், அதில் இரண்டு போன மாதம் பக்கத்து வீட்டு ஆஸ்ட்ரோ டிவி பெட்டிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்.