பழைய ட்யூப் ஹெட் வாங்குகிறீர்களா? பத்து நிமிஷ டெமோவை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

பெங்களூரில் பழைய கிட்டார் ஆம்ப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்ளிஃபையர் பெட்டி) தேடிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு இந்தப் பதிவு. கல்யாண் நகர் பக்கம் 62,000 ரூபாய்க்குக் கைமாறிய ஒரு நூறு வாட் ஹெட், மூன்று மாதத்தில் ட்யூப் மாற்ற இன்னொரு 14,000 வாங்கிக்கொண்டது. பிறகு சத்தமே வராமல் போய், "அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போச்சு சார், ட்யூபும் திரும்ப நாலும் மாத்தணும், 27,000 ஆகும்" என்ற எஸ்டிமேட்டோடு எங்கள் மேஜைக்கு வந்தது. விற்றவர் பெயர், கடைப் பெயர், ஹெட்டின் பிராண்ட் எதுவும் இங்கே வராது. உற்பத்தி நின்று பல வருஷம் ஆன, நான்கு இ.எல்.34 பவர் ட்யூப்களை நேராக சர்க்யூட் போர்டிலேயே சாக்கெட் வைத்துச் செருகும் ஹெட் அது. அந்த அமைப்பில் வரும் எதற்கும் கீழே உள்ளது பொருந்தும்.

விளம்பரத்தில் இருந்தது: ஸ்டுடியோவிலேயே இருந்தது, புது மேட்ச்டு க்வாட் (ஒரே அளவில் இழுக்கும் நான்கு ட்யூப்), பயஸ் (ட்யூப் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று கட்டுப்படுத்தும் மைனஸ் வோல்டேஜ்) செட் பண்ணியாச்சு, இனி தயாரிப்பே கிடையாது. நான்கில் கடைசி ஒன்றுதான் உண்மை.

வாசித்துப் பார்க்கக் கிடைத்தது பத்து நிமிஷம். "ப்ரோ, அபார்ட்மென்ட், கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்துடுவார்" என்று மாஸ்டர் வால்யூம் இரண்டைத் தாண்டவில்லை. பத்து நிமிஷத்தில் ட்யூப் சூடாகிவிடும், ஆனால் போர்டு சூடாகாது. இந்த வகை ஹெட்டில் பெரிய நோய் போர்டில்தான் இருக்கும். வருஷக்கணக்கில் ட்யூப் சூட்டில் வெந்து, சாக்கெட்டைச் சுற்றிப் போர்டு பழுப்பேறிவிடும். அந்த இடத்தில் 450 வோல்ட்டுக்கு மேல் ஓடும் தடமும், மைனஸ் 40 வோல்ட் சுமாரில் இருக்கும் பயஸ் தடமும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் போகின்றன. சூடு ஏற ஏறப் பழுத்த போர்டு இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் கசியவிடும். பயஸின் மைனஸ் குறையும், ட்யூப் கூடுதலாக இழுக்கும், அந்தச் சூடு போர்டை இன்னும் கெடுக்கும். நாற்பது நிமிஷத்துக்குப் பிறகுதான் இது வெளியே தெரியும்.

செத்த ட்யூபை மாற்றிவிட்டு அந்த ஹெட்டில் நாங்கள் எடுத்த அளவு இது. பயஸ் பார்க்க ஒவ்வொரு பக்கமும் 1 ஓம் ரெசிஸ்டர் வைத்திருப்பதால், மீட்டரில் வரும் மில்லிவோல்ட்தான் அந்தப் பக்கத்து இரண்டு ட்யூப்களின் மொத்த மில்லிஆம்ப். ஆன் செய்து 20 நிமிஷத்தில் இடது 82, வலது 79. 40 நிமிஷத்தில் இடது 97, வலது 84. ஒரு மணி நேரத்தில் இடது 124, வலது 91. அப்போது இடது பக்கத்து ட்யூப் ஒன்றின் ப்ளேட் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு) ஓரத்தில் சிவப்புத் தெரிந்தது, அணைத்துவிட்டோம்.

124 என்றால் ட்யூபுக்கு 62 மில்லிஆம்ப். ஸ்கிரீன் என்ற உள் வலை இழுக்கும் நாலைக் கழித்தால் 58. ப்ளேட்டில் 450 வோல்ட், ஆக 26 வாட். இ.எல்.34-இன் உச்சவரம்பே 25 வாட், அதுவும் கிட்டார் வாசிக்காமல் சும்மா நிற்கும்போது. வழக்கமாக வைப்பது அதில் எழுபது சதவீதம், 17.5 வாட். பக்கத்துக்கு 80 மில்லிவோல்ட் வைத்தால் ஏறத்தாழ அங்கேதான் நிற்கும்.

முதலில் ட்யூப் மாற்றிய ரிப்பேர் கடைக்காரர் பார்த்ததும் இதே சிவப்பைத்தான். "ட்யூப் வீக்" என்று நாலையும் மாற்றி, ஆறிய ஹெட்டில் பயஸ் வைத்துக் கொடுத்தார். அரைமணி நேரம் நன்றாகவே பாடியிருக்கும். மூன்றாவது மாதம் புது செட்டிலும் ஒன்று உள்ளே ஷார்ட். போர்டைத் தொடாமல் ட்யூப் மட்டும் மாற்றிக்கொண்டே போனால் மூன்று மாதத்துக்கு ஒரு செட் வியாபாரம் நடக்கும்.

கோளாறு ட்யூபிலா போர்டிலா என்று பிரிக்க இரண்டு வழி. சுலபமானது: அளவு ஏறும் பக்கத்து ட்யூப்களையும் மறுபக்கத்து ட்யூப்களையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஏற்றம் ட்யூபோடு கூடவே போனால் ட்யூப் கோளாறு. பழைய பக்கத்திலேயே நின்றால் ட்யூபைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது வழி உறுதியானது, ஆனால் கை பழகியவர்களுக்கு மட்டும். நான்கு பவர் ட்யூபையும் கழற்றிவிட்டு, ஹெட்டை ஆன் செய்து, ஹேர் ட்ரையரால் சாக்கெட் சுற்றிலும் சூடு காட்டிக்கொண்டே 5-ஆம் பின்னில் பயஸ் வோல்டேஜைப் பாருங்கள். மைனஸ் 42-இல் இருந்தது 36, 34 என்று சுருங்கினால் கசிவு உறுதி. அதே இடத்தில் முடியும் கப்ளிங் கெப்பாசிட்டர் (முந்தைய ட்யூபிலிருந்து சிக்னலைக் கொண்டுவருவது) கசிந்தாலும் இப்படித்தான் காட்டும். அதனால் அதன் ஒரு காலைத் தூக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் சுருங்கினால் போர்டேதான்.

5-ஆம் பின்னை ஒட்டிய 4-ஆம் பின்னிலும் அதற்கடுத்த 3-ஆம் பின்னிலும் 450 வோல்ட் சுமாரில் இருக்கிறது. ட்யூப் இல்லாதபோது அது இன்னும் ஏறும். ப்ளக்கை உருவிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். 100 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் போட்ட க்ளிப்பால் ஒரு நிமிஷம் பிடித்து இறக்கி, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழ் வந்ததைப் பார்த்த பிறகே விரலை உள்ளே விடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடும் 'மெக்கானிக்' யாராவது இருந்தால், ஹெட்டை அவரிடம் கொடுக்காமல் திரும்பிவிடலாம்.

போர்டுக்கு வைத்தியம் உண்டு. பயஸ் தடத்தை இரண்டு பக்கமும் வெட்டிப் போர்டிலிருந்து விடுவித்து, க்ரிட்டுக்கு (பயஸ் வரும் 5-ஆம் பின்) போகும் ரெசிஸ்டர்களை நேராக சாக்கெட் பின்னிலேயே சால்டர் செய்து, பயஸைத் தனி வயரில் கொண்டுவர வேண்டும். கருகிய இடத்தைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், மேலே வார்னிஷ் பூசி மறைப்பது வேலை இல்லை. ஒரு நாள் கூலி, பொருள் செலவு சில நூறு ரூபாய். 27,000 எஸ்டிமேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்தது, பவர் ட்யூபிலிருந்து ஸ்பீக்கருக்குச் சிக்னலைக் கொண்டுபோகும் அந்த 'போன' அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர். ட்யூப்களைக் கழற்றி, மேலே சொன்னபடி கெப்பாசிட்டரை இறக்கிய பிறகு, போனில் டோன் ஜெனரேட்டர் ஆப்பில் 200 ஹெர்ட்ஸ் வைத்து, ஹெட்ஃபோன் வயர் வழியாக 16 ஓம் சுற்றில் அரை வோல்ட் ஏ.சி. கொடுத்தோம். இரண்டு ப்ளேட் முனைகளுக்கும் நடுவில் 5.2 வோல்ட் வந்தது, அதாவது 10.4 மடங்கு. நடு டேப்பிலிருந்து (சுற்றின் நடுவே வெளியே எடுத்த முனை) இரண்டு பக்கமும் சரிபாதி. நான்கு இ.எல்.34 போடும் நூறு வாட் ரகத்துக்குப் ப்ரைமரி (ப்ளேட் பக்கத்துச் சுற்று) 1,700 ஓம் சுற்றுவட்டாரம். 1,700-ஐ 16-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 10.3, அளந்ததும் ஏறத்தாழ அதுவே, ஆக ட்ரான்ஸ்ஃபார்மர் போனதற்கு அறிகுறியே இல்லை. உள்ளே சுற்று ஷார்ட் ஆகியிருந்தால் போன் கொடுக்கும் அரை வோல்ட்டே விழுந்து போயிருக்கும். மீட்டரில் ஓம் மட்டும் பார்த்துவிட்டு "ஒரு பக்கம் 4 ஓம் கூட இருக்கு, அதனால போச்சு" என்று சொன்னால் நம்பாதீர்கள். வெளிச்சுற்றுக்குக் கம்பி நீளம் அதிகம், அந்த வித்தியாசம் புதுசிலேயே இருக்கும்.

சத்தம் வராமல் போனதற்குக் காரணம் ஷார்ட் ஆன ட்யூபும் எரிந்த ஒரு ஸ்கிரீன் ரெசிஸ்டரும். ஹெச்.டி. (ஹை டென்ஷன், ப்ளேட்டுக்குப் போகும் உயர் வோல்டேஜ்) ஃப்யூஸ் அதற்காகவே இருக்கிறது, அதுதான் முதலில் போயிருக்க வேண்டும். திறந்து பார்த்தால் ஃப்யூஸின் கண்ணாடிக்கு மேல் ஒற்றைச் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. விற்றவர் சுற்றினாரா கடையில் சுற்றினார்களா என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வாங்கும்போது பின்பலகையில் இரண்டு ஃப்யூஸ் மூடியையும் திருகிப் பாருங்கள், அரை நிமிஷ வேலை. பக்கத்தில் அச்சிட்ட ஆம்பியரும், ஸ்லோ ப்ளோவை (சற்றுத் தாமதித்து எரியும் ரகம்) குறிக்கும் 'டி' (T) எழுத்தும் உள்ளே இருக்கும் ஃப்யூஸோடு ஒத்துப்போக வேண்டும்.

ஆகவே வாங்கப் போகும்போது ஒரு மணி நேரம் கேளுங்கள். பின்பக்கத்து ஜாலியைக் கழற்றி, ஸ்பீக்கர் கேபினெட் மாட்டி, ஸ்டாண்ட்பையில் விடாமல் முழுதாக ஆன் செய்து, மாஸ்டர் வால்யூம் பூஜ்யத்தில் வைத்து நிறுத்தலாம், கீழ் வீட்டுக்காரருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வெளியிலிருந்தே பயஸ் பின் எட்டும் ரகம் என்றால் மில்லிவோல்ட்டை 20, 40, 60 நிமிஷத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாத ரகம் என்றால் அறை விளக்கை அணைத்து ப்ளேட்டைப் பாருங்கள். கண்ணாடி உட்புறம் நீலமாக மினுங்கினால் பயமில்லை. ப்ளேட் உலோகம் மங்கலாகச் சிவந்தால் உடனே அணைக்க வேண்டும். நேரம் போகப் போக ஹம் ஏறுகிறதா என்று காதும் வையுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் விலையில் பத்தாயிரம் குறைத்தாலும் வேண்டாம். கேபினெட் மாட்டாமல் மட்டும் ஆன் செய்யவிடாதீர்கள். லோடு இல்லாத ட்யூப் ஹெட்டில் யாராவது ஸ்ட்ரிங்கைத் தொட்டால், நல்ல ட்ரான்ஸ்ஃபார்மரும் நிஜமாகவே போய்விடும். இணைப்புக்கு ஸ்பீக்கர் கேபிள்தான், கிட்டார் வயர் கூடாது. கேபினெட் 16 ஓமா 8 ஓமா என்று சந்தேகம் வந்தால் மீட்டர் வையுங்கள். 16-க்கு 12, 13 காட்டும், 8-க்கு 6, 7.

"மேட்ச்டு க்வாட்" என்ற சொல்லுக்கு டப்பாவோ ஸ்டிக்கரோ இல்லாமல் மதிப்பில்லை. இந்த ஹெட்டில் இரண்டு ட்யூப் ஒரு கம்பெனி, இரண்டு வேறு, எழுத்து அழிக்கப்பட்டிருந்தது. உச்சியில் வெள்ளியாக மின்ன வேண்டிய பூச்சு பால் வெள்ளையானால் காற்று புகுந்த ட்யூப். பழைய இங்கிலாந்து பெயர் அச்சிட்ட பளபளப்பான முல்லார்ட் கிடைத்தால் குதிக்க வேண்டாம், அந்தப் பெயரில் இப்போது வருவது ரஷ்யத் தயாரிப்பு. மார்ஷல் ஜே.சி.எம். 900 வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தொண்ணூறுகளின் நடுவில் அது 5881 ட்யூபோடு வந்தது. அதில் இ.எல்.34 செருக ஆசைப்பட்டால் பயஸ் எல்லையை மாற்றி, 1, 8 பின்கள் இணைந்திருப்பதையும் பார்க்க வேண்டும். அதே கம்பெனியின் ஜே.சி.எம். 2000 டி.எஸ்.எல். 100 இங்கிலாந்தில் செய்தது, 2012-இல் வந்த டி.எஸ்.எல். 100 ஹெச் வியட்நாமில் செய்தது. பெயர் ஒற்றுமையைக் காட்டி இரண்டாவதை முதலாவதின் விலைக்குத் தள்ளப் பார்ப்பார்கள். பின்பலகையில் தயாரிப்பு நாடு எழுதியிருக்கும், படித்தால் போதும்.

வோல்டேஜை மறக்கக்கூடாது. அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் ஹெட்டை இங்கே 230-இல் நேராகச் செருகினால் கதை அன்றே முடிந்தது. ஸ்டெப் டவுன் வாங்கினால் 500 வி.ஏ.வுக்குக் குறையாமல், மூன்று பின், எர்த் அவுட்புட் சாக்கெட் வரை தொடர்வதை மீட்டரில் பார்த்து வாங்குங்கள். எஸ்.பி. ரோட்டில் இரண்டு பின் டப்பாக்களும் கிடைக்கின்றன, ஹெட்டுக்கு அவை ஆகாது. 220-க்கு டேப் போட்ட ஹெட்டில் ராத்திரி 245 வந்தால், ட்யூபை உள்ளிருந்து சூடாக்கும் ஹீட்டரில் 6.3-க்குப் பதில் 7.0 வோல்ட். பத்து சதவீத வரம்பு 6.93-லேயே முடிகிறது. 240 டேப் இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து வாங்கிக் கலாசிபாளையம் லாரி ஆபீஸுக்கு வரவழைத்தால், ட்யூப்களைக் கழற்றித் தனிப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். இருபது கிலோவுக்கு மேல் கனம், அதில் பெரும்பங்கு ட்ரான்ஸ்ஃபார்மர். ஒரு முறை தூக்கிப் போட்டாலே சேஸி வளையும்.

ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு முன் ட்ரான்ஸ்ஃபார்மர் லேபிள், போர்டு, ட்யூப் எழுத்து எல்லாவற்றையும் படம் எடுங்கள், ட்ரான்ஸ்ஃபார்மர் போல்ட்டுகளின் மேல் நெயில் பாலிஷ் புள்ளி வையுங்கள். "கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்" என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். இந்த விஷயத்தில் கழற்றிய முதல் நான்கு ட்யூப் திரும்பி வரவே இல்லை. அவற்றில் மூன்று ட்யூபாவது நல்லதாக இருந்திருக்க வாய்ப்புண்டு, இந்நேரம் வேறொருவருக்கு 'புது' ட்யூபாகப் போயிருக்கும். ட்ரான்ஸ்ஃபார்மரையும் அப்படிக் கொடுத்திருந்தால், நல்ல ஒரிஜினல் அங்கே நின்றுகொண்டு உள்ளூரில் சுற்றிய ஒன்று உள்ளே வந்திருக்கும்.

பணத்தைத் திரும்பப் பெறும் வழி ரிப்பேர் கடைக்கும் விற்றவருக்கும் வேறு வேறு. கடையின் வேலை 'சேவை', நுகர்வோர் சட்டத்தில் வரும். முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாவிட்டாலும் யு.பி.ஐ. ரசீதும் எஸ்டிமேட் வந்த மெசேஜும் இருந்தால் எடுத்து வையுங்கள். தன் பழைய பொருளை விற்ற தனி ஆள்மேல் இந்தச் சட்டம் எளிதில் எட்டாது. அதனால் அவரிடம் பணம் போவதற்கு முன்பே, பயஸ் அளவும் ஒரு மணி நேரச் சோதனையும் நடந்ததாக மெசேஜில் அவர் வாயாலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.