மூன்றரை ஆண்டுகளாக என் பையில் இருக்கும் கடைச் சொற்பட்டியல்

பிரெஞ்சு படிக்க ஆரம்பித்த புதிதில் கடை தொடர்பான சொற்களின் பட்டியல் ஒன்றை அச்சிட்டு வைத்துக்கொண்டேன். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் பிரெஞ்சு. நான்கு தாள், ஏறக்குறைய 200 சொல். கடைகளின் பெயர்கள், பணம், உடை அளவு, தள்ளுபடி, பொருளைத் திருப்பிக் கொடுப்பது என்று தலைப்பு வாரியாகப் பிரித்திருந்தார்கள். முதல் ஓராண்டு மேசையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். அப்புறம் வேலை நிமித்தமாகப் பிரான்ஸில் 8 மாதம் தங்கியபோது தினமும் கையில் வைத்திருந்தேன். திரும்பி வந்த பிறகும் விடவில்லை. இப்போது அதற்கு மூன்றரை வயது. மடிப்புகள் கிழிந்து இரண்டு முறை ஒட்டியாகிவிட்டது. இதே மாதிரிப் பட்டியலை வைத்துக்கொண்டு இது போதுமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கடைப் பெயர்கள் முதல் வாரத்திலேயே மனதில் தங்கிவிட்டன. பூலான்ஜெரி, பூஷ்ரி, எபிஸ்ரி, பபெத்ரி, பிஜூத்ரி: ரொட்டிக்கடை, கறிக்கடை, மளிகைக்கடை, எழுதுபொருள் கடை, நகைக்கடை. தமிழில் பொருளின் பெயரோடு 'கடை' சேர்வது போல அங்கே ஒரு 'ரி' வந்து சேர்கிறது. ஆங்கிலத்தில் இந்த ஒழுங்கு கிடையாது. பேக்கரி என்பார்கள், ஆனால் ஹார்டுவேர் ஸ்டோர், ஸ்டேஷனர்ஸ், ஜுவல்லர்ஸ் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் போகும். ஆங்கிலப் பக்கத்தை மறைத்துவிட்டுத் தமிழை நினைத்துப் படித்தபோதுதான் எனக்கு இந்த அடுக்கு கண்ணில் பட்டது. அது ஒரு முக்கியமான குறிப்பு என்று அன்றைக்குத் தெரியவில்லை.

இன்னொரு வசதி, ஆங்கிலக் கடைச் சொற்களில் பல பிரெஞ்சிலிருந்து போனவை. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு சந்தைப் பேச்சிலும் அவர்கள் மொழி கலந்தது. புட்சர், டெய்லர், பர்ச்சேஸ், பார்கெய்ன், ரீடெய்ல் எல்லாம் பழைய பிரெஞ்சின் பிள்ளைகள். விலைச்சீட்டைக் குறிக்கும் எத்திகெத் என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்துதான் ஆங்கில டிக்கெட் பிறந்தது. பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது மளிகைக்கடைக்கான வரி. குரோசர் என்றால் ஆதியில் மொத்தமாக விற்பவர். பிரெஞ்சில் மொத்த விற்பனையை இன்றும் 'ஆன் க்ரோ' என்கிறார்கள். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் மளிகைக்கடையை அந்தச் சொல்லால் அழைப்பதில்லை. எபிஸ், அதாவது வாசனைப் பொருள், அதிலிருந்து எபிஸ்ரி என்று வைத்துக்கொண்டார்கள். ஒரே வரிசையின் இரண்டு பக்கமும் பிரெஞ்சு வேர்தான், ஆனால் ஒன்றுக்கொன்று உறவில்லை. இப்படித் தோண்டிப் பார்த்த சொற்கள் எதையும் நான் மறக்கவில்லை.

சரி, சிக்கலுக்கு வருவோம். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு சமக்குறி போட்டிருந்தார்கள். அந்தச் சமக்குறிதான் என்னைப் பல இடங்களில் தடுக்கிவிட்டது.

சிறிய தடுக்கல்கள் எல்லோரும் எச்சரிப்பவை. லிப்ரேரி என்றால் நூலகம் இல்லை, புத்தகக்கடை, நூலகம் பிப்லியோதெக். ஸ்தோர் என்று பிரெஞ்சில் சொன்னால் ஜன்னல் திரை அல்லது கடை முன் விரிக்கும் பந்தல். மகஸான் என்றால் கடை, பத்திரிகை இல்லை. அரபியில் கிடங்குகளைக் குறித்த மகாஸின் என்ற சொல் இத்தாலியம் வழியாகப் பிரெஞ்சுக்கு வந்து கடையானது, ஆங்கிலத்துக்குப் போய்ப் பத்திரிகையானது. இப்படி ஒன்று போலத் தெரிந்து வேறு பொருள் தரும் சொற்கள், போலி நண்பர்கள் என்ற தலைப்பில் பட்டியலிலேயே இருந்தன. அதற்கு நன்றி.

பட்டியல் எச்சரிக்காதவை வேறு வகை. 'ஆன் சேல்' என்ற ஆங்கிலத் தொடருக்கு எதிரே 'ஆன் ஸோல்ட்' என்று இருந்தது. அமெரிக்க வழக்குப்படி அது சரி, விலை குறைத்திருக்கிறது என்று பொருள். பிரிட்டிஷ் வழக்கில் அதே ஆங்கிலத் தொடர் 'விற்பனைக்குக் கிடைக்கும்' என்பதையும் குறிக்கும். அதற்குப் பிரெஞ்சில் 'ஆன் வான்த்'. இந்த இரண்டாவதை ஒரு பலகையில் பார்த்துவிட்டுத் தள்ளுபடி என்று நினைத்து உள்ளே போயிருக்கிறேன். இன்னொன்று, பிரான்ஸில் ஸோல்ட் என்ற சொல்லைக் கடைக்காரர் நினைத்தபோதெல்லாம் எழுதி ஒட்ட முடியாது. அது சட்டத்துக்கு உட்பட்ட சொல். ஆண்டுக்கு இரண்டு முறை, குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று, 2020 முதல் ஒவ்வொன்றும் 4 வாரம். மற்ற நாட்களில் ப்ரொமோஸியோன், ரெமீஸ் என்று வேறு சொற்களைத்தான் போடுகிறார்கள். பட்டியலில் இவை மூன்றுக்கும் நேரே 'டிஸ்கவுண்ட்' என்ற ஒரே சொல்.

பூலான்ஜெரியும் அப்படித்தான். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாவு பிசைவது முதல் சுடுவது வரை விற்கும் இடத்திலேயே செய்பவர்தான் அந்தப் பெயர்ப்பலகையை வைக்கலாம். பேக்கரி என்ற சொல்லில் இந்த வாக்குறுதி இல்லை.

உடை அளவுக்கும் செருப்பு அளவுக்கும் ஆங்கிலத்தில் சைஸ் ஒன்றுதான். பிரெஞ்சில் உடைக்குத் தாய், காலணிக்குப் புவான்த்யூர். முதல் சொல் நம் காதில் அம்மாவாகவே விழும், அதனால் மறக்காது. இரண்டாவது சொல் பட்டியலிலேயே இல்லை. காலணிக்கடையில் நான் தாய் என்று கேட்க, விற்பனைப் பெண் பொறுமையாகப் புவான்த்யூர் என்று திருத்திச் சொன்னார். தாளின் ஓரத்தில் நான் எழுதிச் சேர்த்த முதல் சொல் அது.

என்னை உண்மையிலேயே பாதித்தது 'டிபாசிட்' என்ற வரி. அதற்கு எதிரே இரண்டு பிரெஞ்சுச் சொற்கள், நடுவில் ஒரு சாய்கோடு: 'ஆர்' / 'அகோன்த்'. இரண்டும் ஒன்றுதான் போல என்று படித்துவிட்டேன். தங்கிய அறைக்கு ஒரு மேசை வாங்க ஒரு கடையில் முன்கூட்டியே கொஞ்சம் பணம் கட்டினேன். மூன்று வாரத்தில் வேறு அறைக்கு மாற வேண்டி வந்தது, மேசை வேண்டாம் என்று போய்ச் சொன்னேன். பணம் திரும்பி வரவில்லை. கடைக்காரர் கோபப்படவும் இல்லை, ஏமாற்றவும் இல்லை. ரசீதில் 'ஆர்' என்று எழுதியிருந்த இடத்தை விரலால் காட்டினார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 'ஆர்' என்று கட்டிய பணம், வாங்குபவர் பின்வாங்கினால் போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தரவேண்டும். 'அகோன்த்' என்று கட்டினால் அது விலையின் முதல் தவணை, வியாபாரம் முடிந்துவிட்டது, இரு பக்கமும் பின்வாங்க வழியில்லை. பின்வாங்கினால் நஷ்டஈடு வரை போகும். ஒப்பந்தத்தில் எதுவும் எழுதாவிட்டால் 'ஆர்' என்றே எடுத்துக்கொள்வது அங்குள்ள நுகர்வோர் சட்டம்.

இதைப் படித்து முடித்தபோது என் வாயில் தானாக வந்த சொல் 'அச்சாரம்'. அச்சாரம் கொடுத்தால் என்ன பொருள், வாங்காமல் போனால் அது என்ன ஆகும் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 'ஆர்' என்பது அச்சாரம். 'அகோன்த்' என்பது முன்பணம். ஆங்கிலத்தின் டிபாசிட் மட்டும் நடுவில் நின்று இரண்டையும் மறைத்துக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக்குப் போகும் வழியில் ஆங்கிலத்தில் இறங்கி ஏற வேண்டிய அவசியம் எனக்கு என்ன இருந்தது?

அன்று இரவே ஸ்கேல் வைத்து வலது ஓரத்தில் மூன்றாவது கட்டம் வரைந்து, தமிழ் என்று தலைப்பிட்டேன். அந்தப் பட்டியலோடு என் உண்மையான பழக்கம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

ஒவ்வொரு வரியையும் நிரப்பும்போது, நான் புரிந்துகொண்டது எது, வெறும் மனப்பாடம் எது என்று தெரிந்துவிடும். 'சேஞ்ச்' என்பதற்கு எதிரே மொனே, தமிழில் சில்லறை. அடுத்த பக்கத்தில் 'ரீடெய்ல்', அதற்குப் பிரெஞ்சில் 'ஓ தெதாய்'. தமிழில் அதுவும் சில்லறை. இந்த முறை இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருப்பது நாம். ஆக எந்த மொழியில் எது பிரிந்திருக்கிறது, எது சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதே பாடமாகிவிட்டது. மொனே என்பது மனியும் இல்லை. பணத்துக்கு அர்ழான், ரொக்கத்துக்கு எஸ்பெஸ் அல்லது லிகீத். 'கேஷ்' வரியை நிரப்பப் போய் ஒன்று தெரிந்துகொண்டேன். பணம் என்ற பொருளில் வரும் ஆங்கிலக் கேஷ், பணப்பெட்டியைக் குறித்த கேஸ் என்ற பிரெஞ்சுச் சொல்லோடு சேர்ந்தது. ஆனால் சீனத்தின் சிறு நாணயங்களை ஆங்கிலேயர் அழைத்த கேஷ் வேறு சொல்; அது போர்த்துகீசியர் வழியாக நம் 'காசு' போய்ச் சேர்ந்தது. அந்த வரியின் தமிழ்க் கட்டத்தை நிரப்பியபோது இருந்த சந்தோஷம் தனி.

'ஷே' என்ற சிறு சொல்லும் தமிழ்க் கட்டத்தில்தான் தெளிந்தது. இடத்தின் பெயர் வந்தால் 'அ லா பூலான்ஜெரி', ஆளின் பெயர் வந்தால் 'ஷே ல பூலான்ஜே'. கடைக்குப் போகிறேன், கடைக்காரரிடம் போகிறேன். 'கு', 'இடம்' என்று வேற்றுமையைப் பிரித்துப் பேசிப் பழகிய நாக்குக்கு இது இயல்பாகவே வந்துவிட்டது.

இப்போது பட்டியலின் பெரிய குறைக்கு வருகிறேன். அதில் இருப்பவை வாங்குபவர் சொல்லும் சொற்கள். கடைக்காரர் நம்மிடம் என்ன சொல்வார் என்பது கிட்டத்தட்ட இல்லை. 'செ கோம்பியான்' என்று ஒரு பொருளின் விலையைக் கேட்கத் தெரியும். எல்லாம் சேர்த்து எவ்வளவு என்பதற்கு 'ஸா ஃபே கோம்பியான்' என்றும் தெரியும். அவர் உடனே 'எ அவெக் ஸஸி?' என்பார். வேறு ஏதாவது வேண்டுமா என்று பொருள், 'ஸ ஸ்ரா தூ', அதாவது அவ்வளவுதான், என்று பதில் சொல்ல வேண்டும். முதல் மாதம் முழுக்க இந்தக் கேள்விக்கு நான் விழித்துக்கொண்டு நின்றேன். 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரான்ஸில் ரசீதைக் கேட்டால்தான் அச்சடித்துத் தருகிறார்கள், அதனால் 'டிக்கெட் வேண்டுமா' என்ற கேள்வி இன்று எல்லாக் கல்லாவிலும் வரும். பழைய பட்டியல் எதிலும் அது இருக்காது. தாளின் பின்பக்கத்தில் 'காதில் விழுபவை' என்று தனியாக எழுதிவந்தேன். 40 தொடர்கள் சேர்ந்தன. முன்பக்கத்து 200-ஐ விட அந்த 40-தான் எனக்குத் தினமும் கைகொடுத்தது.

எண்களும் அப்படியே. விலைச்சீட்டில் 92 என்று பார்ப்பது எளிது. கல்லாவில் 'காத்ர் வான் தூஸ்', நான்கு இருபது பன்னிரண்டு, என்று காதில் விழும்போது கூட்டி முடிப்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் தொண்ணூறுக்கு நொனான்த், எழுபதுக்கு செப்தான்த் என்று நேரான சொற்கள் உண்டு. தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவதையும் பட்டியலில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

உச்சரிப்பு கொடுக்கவில்லை, எந்தச் சொல் ஆண்பால், எது பெண்பால் என்று குறிக்கவில்லை. இரண்டும் மன்னிக்க முடியாத குறைகள். 'க்யூ' என்ற சொல் இரண்டு பக்கமும் ஒரே எழுத்துகளில் இருந்தது. பிரெஞ்சில் அதை 'கோ' என்பது போல உதடு குவித்துச் சொல்ல வேண்டும், அங்கே அதற்கு வால் என்ற பொருளும் உண்டு. கனடாவின் கெபெக் மாகாணத்தில் பேசும் பிரெஞ்சும் பட்டியலில் இல்லை. அங்கே கடைக்குப் போவதற்கு மகஸினே என்று ஒரே வினைச்சொல் இருக்கிறது. பிரான்ஸில் வீட்டுச் சாமான் வாங்கினால் 'ஃபேர் லே கூர்ஸ்', துணிமணி என்றால் 'ஃபேர் தியூ ஷாப்பிங்', வாங்காமல் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு போனால் 'லெஷ் வித்ரீன்', கண்ணாடியை நக்குவது.

இத்தனைக்குப் பிறகும் இன்னொருவருக்கு இதைக் கொடுப்பேனா என்றால், கொடுப்பேன். இரண்டு மாதத்துக்கு முன் புதிதாகப் படிக்க வந்த தோழிக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போதே மூன்றாவது கட்டத்தைக் காலியாக வரைந்து கொடுத்தேன். என்னுடையதை அவர் பார்த்து எழுதக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

என் தாளில் இன்னும் 11 இடம் காலி. அதில் ஒன்று 'அவுவார்'. பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பணமாகத் தராமல், அதே கடையில் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. வினைச்சொல்லாக வந்தால் அதே சொல்லுக்கு 'உடைமையாகக் கொண்டிருப்பது' என்று பொருள். பென்சிலால் 'வரவுச்சீட்டு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். கடையில் நின்று சொன்னால் யாருக்கும் உடனே புரிகிற சொல் ஒன்று இருந்தால் சொல்லுங்கள், அழித்துவிட்டு மையால் எழுதிக்கொள்கிறேன்.