ஊசி வலிக்கவில்லை, காத்திருந்ததுதான் வலித்தது

அம்மாவுக்கு மார்பில் கட்டி. கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு இரண்டு தடவை பஸ் ஏறினோம்.

முதல் தடவை எஃப்.என்.ஏ.சி., அதாவது மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை உறிஞ்சி எடுக்கிற சோதனை. ரத்தம் எடுக்கிற ஊசி அளவுதான், மரத்துப்போகும் மருந்துகூடப் போடவில்லை. உறிஞ்சிய செல்களைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்தார்கள். "எறும்பு கடிச்ச மாதிரிதான்ல இருந்துச்சு" என்றாள் அம்மா. ஆனால் முடிவு தெளிவாக வரவில்லை. செல்கள் உதிரியாக வருவதால் திசுவின் அமைப்பு அதில் தெரியாதாம்.

அதனால் அடுத்து கோர் பயாப்ஸி, தடித்த ஊசியால் திசுவையே துண்டாக எடுக்கிற சோதனை. 14 கேஜ் ஊசி, பார்க்கவே கொஞ்சம் பயம்தான். மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே எடுத்தார் டாக்டரம்மா. "பெரியம்மா, டப்புன்னு சத்தம் கேக்கும், அசையாதீங்க" என்று முன்கூட்டியே சொன்னது பெரிய உபகாரம். சேமியாத் துண்டு மாதிரி நாலு இழை, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் குப்பிக்குள் போயிற்று. புற்றுநோயாக இருந்தால், அது ஹார்மோனால் வளர்கிறதா என்று பார்க்கிற ஹார்மோன் ஏற்பிச் சோதனையும் இதிலேயே செய்யலாமாம்.

டாக்டருக்கு முழு மார்க். வரவேற்பு மேசைக்குப் பாதிகூடக் கிடையாது. காலை 9 மணிக்கு வரச்சொல்லி ஒன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். அம்மா ரத்தம் உறைவதைக் குறைக்கிற ஆஸ்பிரின் சாப்பிடுகிறாள் என்பதை நானாகத்தான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. நாலு நாளில் தருவதாகச் சொன்ன ரிப்போர்ட் எட்டாம் நாள்தான் வந்தது. நல்லவேளை, புற்று இல்லை.

போகிறவர்கள் பழைய மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். அதை மறந்து நான் தனியாக இன்னொரு நடை அலைந்தேன்.