திருகி வைக்கும் கிச்சன் டைமர்: குரூப் 4 படிப்பவர்கள் வாங்கலாமா?

பாத்திரக் கடையில் கிச்சன் டைமர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் சாமான், சுற்றிலும் 0 முதல் 60 வரை நிமிடக் கோடுகள், பேட்டரி கிடையாது. திருகி விட்டால் டிக் டிக் என்று திரும்பி வந்து பூஜ்யத்தில் மணி அடிக்கும். விலை சில நூறு ரூபாய். மாதக்கணக்கில் உட்கார்ந்து டிஎன்பிஎஸ்சி குரூப் 4 படிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். படிக்க உட்கார வைப்பதற்காக இல்லை. தேர்வு நெருங்கினால் அந்தப் பயமே உட்கார வைத்துவிடும். நேரத்துக்கு எழுந்திருக்கவும், எழுந்தவர் நேரத்துக்குத் திரும்பி வரவும்தான் இது வேண்டும்.

போனிலேயே டைமர் இருக்கிறதே என்றால், அதன் மணியை நிறுத்தவே போனைக் கையில் எடுத்தாக வேண்டும். எடுத்ததும் டெலிகிராமில் புது பிடிஎஃப், வாட்ஸ்அப்பில் கட்-ஆஃப் விவாதம். 5 நிமிட ஓய்வு 20 நிமிடமாகும், கழுத்தும் கண்ணும் அதே நிலையில் கிடக்கும். டைமரை மேசையில் வைத்து, போனை அடுத்த அறையில் விட்டால்தான் இந்தச் செலவுக்குப் பலன்.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்றுக்கு ஒருமுறை 15 முதல் 30 நிமிடம் நீண்ட ஓய்வு. இத்தாலிக்காரரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ கிச்சன் டைமரை வைத்து இந்தக் கணக்கை உண்டாக்கினார். இத்தாலிய மொழியில் தக்காளிக்குப் பெயர் பொமொடோரோ; முறைக்கும் அதுவே பெயராயிற்று. இந்த 25-ஐ எல்லாவற்றுக்கும் பொருத்தக் கூடாது. இலக்கணக் குறிப்பு, நடப்பு நிகழ்வுகள், ஆண்டுகளை மனப்பாடம் செய்வது ஆகியவற்றுக்கு 25 சரியான அளவு. அரசியலமைப்புப் பாடம் போல ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் பகுதிக்கு 45 நிமிடமும் 10 நிமிட ஓய்வும் வையுங்கள். 25-இல் மணி அடித்தால் பிடித்த நூல் அறுந்துவிடும். திறனறிவுக் கணக்குகளில் 25 வினாக்களை ஒரே 25 நிமிடச் சுற்றில் முடிக்கப் பழகலாம்.

முழு மாதிரித் தேர்வுக்கு மட்டும் டைமரை ஓரமாக வைத்துவிடுங்கள். 200 வினா, 3 மணி நேரம். வினாவுக்கு 54 வினாடிதான், விடைத்தாளில் வட்டத்தைக் கருப்பாக்கும் நேரமும் அதற்குள்ளேயே. அங்கே இடைவேளை கிடையாது. அதனால் வாரம் ஒருமுறையாவது காலை 9.30 மணிக்கு உட்கார்ந்து 12.30 வரை எழுந்திருக்காமல் எழுதிப் பார்க்க வேண்டும். சுவர்க் கடிகாரம் போதும். அன்று மதியம் புதிதாக எதுவும் படிக்காமல் தவறுகளை மட்டும் திருத்துவது நல்லது.

இனி பொருளின் குறைகள். மணி அடிக்கவில்லை என்ற புகார்தான் அதிகம் வரும். 5 நிமிடத்துக்கு நேராக 5-இல் திருகினால் உள்ளே ஸ்பிரிங் போதுமான அளவு முறுக்கேறாது. பல்சக்கரங்களின் உராய்வைத் தாண்ட முடியாமல் பூஜ்யத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடும். முதலில் 15-ஐத் தாண்டித் திருகி, பிறகு மெல்லப் பின்னோக்கி 5-க்குக் கொண்டு வாருங்கள். ஓய்வு நேரத்தை அளப்பதற்குத்தான் இந்தப் பழக்கம் மிகவும் தேவை. வேகம் கொடுத்து 60-ஐத் தாண்டித் திருகினால் தட்டு அச்சில் வழுக்கும். அதற்கப்புறம் முள் 3-இல் இருக்கும்போதே மணி அடிக்கும். எண்ணெய் விட வேண்டாம். தூசியை இழுத்துப் பிசுபிசுப்பாகிச் சீக்கிரமே நின்றுபோகும்.

கடையிலேயே 15-ஐத் தாண்டித் திருகி 3-க்குக் கொண்டுவந்து கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 25 நிமிடத்தில் ஒரு நிமிடம் முன்பின் ஆவது இந்த வகையில் சகஜம். முட்டை வடிவம் மேசையில் உருளும், தட்டையான அடி உள்ளதையே எடுங்கள். பின்னால் காந்தம் உள்ளதை பீரோவில் ஒட்டித் திருகினால் பல சமயம் டைமரே சேர்ந்து சுற்றும். கழற்றித் திருகிவிட்டு ஒட்ட வேண்டும்.

டிக் டிக் சத்தம் சிலருக்கு உறுத்தும். நான்காக மடித்த துண்டின் மேல் வைத்தால் பாதி அடங்கும். நூலகத்துக்கும் விடுதி அறைக்கும் இது ஆகாது, பக்கத்தில் படிப்பவரைப் பாடாய்ப் படுத்தும். அங்கே சத்தத்தை அணைத்து விளக்கு மின்னும் அல்லது அதிரும் டிஜிட்டல் டைமரை வாங்குங்கள். ஏஏஏ பேட்டரி போடும் வகையானால் மாற்று பேட்டரி எங்கும் கிடைக்கும்.

மதியத் தூக்கத்துக்கும் இதை வைக்கலாம், 20 நிமிடம். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த உறக்கம் பிடித்து, எழுந்த பிறகும் தலை பாரமாகவே இருக்கும், மாலைப் படிப்பு போய்விடும். ஆனால் இதன் மணி சில வினாடிதான் ஒலிக்கும், மின்விசிறிச் சத்தத்தில் கேட்காது. எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள், கணகணவென்று எழுப்பும்.

5 நிமிட ஓய்வில் செய்ய வேண்டியது குறைவு. எழுந்து நிற்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், ஜன்னல் வழியே 20 அடிக்கு அப்பால் உள்ள எதையாவது 20 வினாடி பார்க்க வேண்டும். வேலைக்குப் போய்வந்து இரவில் படிப்பவர்களுக்கு 25 நிமிடத்தில் மூன்று சுற்று போதும். நான்காவதைத் தூக்கத்தில் இருந்து திருடிச் சேர்த்தால், அன்று படித்தது மனதில் தங்காது. மூன்றாவது மணி அடித்ததும் புத்தகத்தை மூடி, மறுநாள் தொடங்க வேண்டிய பக்க எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதி டைமருக்கு அடியில் வைத்துவிட்டுப் படுங்கள்.