பைப் சென்டர் மார்க்கர்: தலை தங்கம், ரசமட்டம் தகராறு

கேட், கைப்பிடி வேலை செய்கிற நண்பர் கேட்டார்: "பைப் சென்டர் மார்க்கர் விலை இறங்கியிருக்கே, வாங்கலாமா?" உருண்டைப் பைப்பின் மேல் நடு எங்கே என்று குறிக்க, பட்டறையில் நான் தினமும் எடுக்கிற சாமான் அது. அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

ஒய் வடிவத் தலைக்கு ஈடில்லை. 1 இன்ச் பைப்போ 4 இன்ச் பைப்போ, கவிழ்த்து வைத்தால் போதும்; இரண்டு காலும் சமமாக உட்கார்ந்து, நடுவில் இருக்கும் பஞ்ச், அதாவது பொட்டு அடிக்கும் கூர்முனை, நேராக பைப்பின் அச்சைப் பார்த்து நிற்கும். இது இல்லாவிட்டால் பேப்பர் சுற்றி மடிக்க வேண்டும். 2 இன்ச் பைப்புக்கு வெளி டயா 60.3 மி.மீ., சுற்றளவு 189.4, கால் சுற்று 47.4 என்று ஒவ்வொரு சைஸுக்கும் கணக்குப் போட வேண்டும். அந்த வேலையே இல்லை. ஜிஐ பைப்பில் துத்தநாகம் திரண்டிருக்கும் இடத்திலோ வெல்டிங் சீம் மேலோ கால் உட்காராமல் பார்த்துக்கொண்டால் சரி.

ஆனால் பைப்பின் உச்சியைக் குமிழி வைத்துக் காட்டும் அந்த ரசமட்டம்! கண்ணாடிக் குழாயை டிகிரி காட்டும் டயலுக்குள் பசை வைத்து ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். திருத்த ஒரு ஸ்குரூ கூடக் கிடையாது. பைப்பை உருளாமல் இறுக்கி, குமிழியை நடுவில் நிறுத்தி ஒரு பொட்டு வையுங்கள். மார்க்கரை முன்பின்னாகத் திருப்பி, மறுபடி குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து இன்னொரு பொட்டு. இரண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும். என்னுடையதில், 2 இன்ச் பைப்பில், 1 மி.மீ. தள்ளி விழுகிறது. அப்படியென்றால் குமிழி ஒரு டிகிரி பொய் சொல்கிறது. உண்மையான உச்சி இரண்டு பொட்டுக்கும் நடுவில்.

ஒற்றை ஓட்டைக்கு இது பெரிய விஷயமில்லை. நீளமான கைப்பிடியில் வரிசையாக ஓட்டை போடும்போது, பாதியை இந்த முனையிலிருந்தும் பாதியை அந்த முனையிலிருந்தும் குறித்தால் வரிசை 1 மி.மீ. விலகும். பட்டையை வைத்து போல்ட் போடும்போது ஏறாது. அளவு பார்க்கிற சாமானில் இதை எப்படி மன்னிப்பது?

உள்ளே துளையில்லாத கெட்டி ஷாஃப்டுக்கு இதை நான் எடுப்பதே இல்லை. 25 மி.மீ. ஷாஃப்டில் அரை மி.மீ. தள்ளினாலே அந்த இடத்தில் 2.3 டிகிரி சரிவு. பிட் சரிவுப் பக்கம் ஓடிவிடும். ட்ரில் மெஷினில் வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளம் உள்ள இரும்புக் கட்டை) ஷாஃப்டை வைத்து, 6 இன்ச் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே படுக்கப் போட்டு, சென்டர் ட்ரில் (ஓட்டைக்கு முன் குழி போடும் குட்டை பிட்) முனையை மெல்ல இறக்கி ஸ்கேலை லேசாகக் கவ்வ விடுங்கள். ஸ்கேல் எந்தப் பக்கம் தாழ்கிறதோ, முனை அந்தப் பக்கம் தள்ளி நிற்கிறது. தாழாமல் சமமாக நிற்கும் வரை வி-பிளாக்கை நகர்த்தினால் நடு கிடைத்துவிடும். பிறகு ஸ்கேலை எடுத்துவிட்டு ஓட்டை போடலாம்.

நண்பருக்கு "வேண்டாம்" என்றுதான் சொன்னேன். இவ்வளவு நல்ல தலையைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரு திருத்தும் ஸ்குரூ வைக்க மனமில்லை என்றால் நம் காசு அவர்களுக்கு எதற்கு? அப்படியும் வாங்குவதானால், கடையிலேயே ஒரு பைப் துண்டில் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.