ஹோண்டா எஸ்2000: எந்த ஃபில்டர், எந்த ஆயில், எப்போது மாற்றுவது

ஆயில் ஃபில்டரில் எங்கள் தேர்வு ஹோண்டாவின் 15400-பிசிஎக்ஸ்-004. அதைவிட விலை கூடியது தேவையில்லை, மலிவானதற்கு இறங்கவும் வேண்டாம். ஏர் ஃபில்டரில் ஹோண்டாவின் சாதாரணக் காகித ஃபில்டர் போதும், ஆனால் அது உட்காரும் பெட்டி விரிசல் இல்லாமல் முழுசாக இருக்க வேண்டும். இதைச் சொன்னதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பளபளக்கும் பாகம் ஏதாவது மாட்ட வேண்டும் என்ற ஆசை இயல்பானதுதான். இந்த எஞ்சின் கேட்பது அதை அல்ல.

1999 முதல் 2009 வரை வந்த இந்தக் காரில், தொடக்கத்திலிருந்தே வந்த 2 லிட்டர் எஃப்20சி எஞ்சின் 9,000 ஆர்.பி.எம். வரை சுற்றும். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம், 84 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் அந்த வேகத்தில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 25 மீட்டர். உயர் வேகத்தில் வால்வுகளை அதிகம் திறக்கும் விடெக் அமைப்பின் பின்களைத் தள்ளுவது, பிஸ்டன்களின் அடியில் பீய்ச்சிக் குளிர்விப்பது எல்லாம் ஒரே ஆயில்தான். சிலிண்டர் சுவரில் இரும்பு லைனர் கிடையாது. அலுமினிய பிளாக்கில் நார் கலந்த உலோகச் சுவர். அதில் கீறல் விழுந்தால் பழைய இரும்பு பிளாக்கைப் போல லேத்தில் கொடுத்து போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது சுலபமில்லை. ஃபில்டரில் மிச்சம் பிடிப்பவர்கள் முதலில் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஃபில்டரின் மரை எம்20 x 1.5. மற்ற ஹோண்டாக்களிலும் இதே மரைதான். அதனால் சிவிக், அக்கார்டுக்கு அமெரிக்கக் கடைகளில் எடுத்துக் கொடுக்கும் பிஎல்எம்-ஏ02-வும் இதில் ஏறிவிடும். ஏறிவிடுவதுதான் சிக்கல். இந்த எஞ்சினின் அதிர்வில் ஃபில்டர் மெல்லத் தளர்ந்து ஆயில் கசிவது எஸ்2000 வைத்திருப்போர் நன்றாக அறிந்த தொல்லை. ஹோண்டா இந்தக் காருக்கென்று தனி எண்ணில் ஃபில்டர் கொடுத்திருக்கும்போது, மரை பொருந்துகிறது என்பதற்காக வேறொன்றை மாட்டுவதில் லாபமில்லை. தலையில் நட் வைத்த வேறு நிறுவன ஃபில்டர்கள் கழற்ற வசதியாக இருக்கும், ஆனால் அந்த நட்டில் ஸ்பானரைப் போட்டதும் கை தானாக அளவுக்கு மீறி இறுக்கிவிடும்.

மாற்றும்போது எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொதிக்க வேண்டாம். டிரெயின் போல்ட்டின் தலை 17 மில்லிமீட்டர். அதன் 14 மில்லிமீட்டர் அலுமினிய வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். நசுங்கிய பழைய வாஷர் கசியும். கசிவை நிறுத்த இன்னும் இறுக்குவார்கள். கடைசியில் ஆயில் தேங்கும் அலுமினிய சம்ப்பின் மரை போய்விடும். டார்க் ரெஞ்சில் 39 நியூட்டன் மீட்டர் போதும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்ததா என்று கண்ணால் பாருங்கள். வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது ஃபில்டர் ஏறினால் ஐடிலில் ஒன்றும் தெரியாது. ரெவ், அதாவது எஞ்சின் சுற்றும் வேகம், ஏறி அழுத்தம் கூடும்போது இரண்டு வளையங்களில் ஒன்று பிதுங்கி, ஆயில் முழுவதும் நிமிடங்களில் ரோட்டில் கிடக்கும். உட்காரும் முகத்தைத் துடைத்து, புது வளையத்தில் ஆயில் தடவி, ஃபில்டர் மேலேயே அச்சிட்டிருக்கும் அளவுக்குத் திருப்புங்கள். பிறகு ஃபில்டரிலும் பிளாக்கிலும் சேர்த்து பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டால், தளர்ந்தால் அடுத்த முறை காருக்கு அடியில் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

ஃபில்டரோடு சேர்த்து மொத்தக் கொள்ளளவு 4.8 லிட்டர். முதலில் 4.5 லிட்டர் ஊற்றி, எஞ்சினை ஓட்டி நிறுத்தி, சில நிமிடம் விட்டு டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் காட்டும் கம்பி) பார்த்து மீதியைச் சேருங்கள். மேல் கோட்டைத் தாண்டவே கூடாது. கூடுதல் ஆயில் உயர் ரெவ்வில், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு வழியாக இன்டேக்கில் ஏறிக் கரியாகும்.

ஆயிலின் தடிமனில் அமெரிக்கக் கையேடு சொல்வது 10டபிள்யூ-30. எரிபொருள் சிக்கனத்துக்காக வந்த 0டபிள்யூ-20 இங்கே வேண்டாம். 10-க்கும் 30-க்கும் இடைவெளி குறைவு என்பதால் பாலிமர் குறைவாகச் சேர்த்தே இந்த ஆயிலைத் தயாரிக்க முடிகிறது. பாலிமர் குறைந்தால், உயர் ரெவ்வில் அரைபட்டு ஆயில் மெலிந்துபோவதும் குறையும். டிராக்கில் தொடர்ந்து ஓட்டுபவர்களுக்கு நல்ல சிந்தெடிக் 5டபிள்யூ-40 நியாயமான தேர்வு.

உண்மையில் இந்த எஞ்சினைக் கெடுப்பது தவறான பிராண்ட் அல்ல, குறைந்த லெவல். 8,000 ஆர்.பி.எம்.-க்கு மேல் அடிக்கடி ஓட்டினால் எஃப்20சி ஆயில் குடிக்கும். டிப்ஸ்டிக்கின் இரண்டு குறிகளுக்கு இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர். கீழ்க்குறியில் நிற்கும் காரை வேகமான நீண்ட வளைவில் திருப்பினால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் டிப்ஸ்டிக் பாருங்கள். இதற்கு ஈடான ஃபில்டர் கிடையாது. 2000, 2001 மாடல் வாங்குபவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். பிஸ்டனைக் குளிர்விக்கும் ஆயில் ஜெட் போல்ட்டுகளில் ஆரம்பத்தில் இரண்டு துளைகளே இருந்தன. பிறகு நான்கு துளைப் போல்ட் வந்தது. நான்காவது சிலிண்டரில் கீறல் விழுந்த பழைய கார்களில் இதுதான் முதல் சந்தேகம்.

இடைவெளிக்கு வருவோம். கையேட்டில் சாதாரண ஓட்டத்துக்கு 7,500 மைல், அதாவது 12,000 கிலோமீட்டர். கடின ஓட்டத்துக்கு 3,750 மைல், அதாவது 6,000. குறுந்தூரம், தூசி, வெயிலில் நின்று நின்று நகரும் நெரிசல் எல்லாம் கடின ஓட்டம்தான். வாரக் கடைசியில் மட்டும் எடுக்கும் காருக்கு 8,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது. டிராக் நாட்கள் என்றால் கிலோமீட்டரைப் பார்க்காமல் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாற்றுவது சரி. குளிர்காலத்தில் காரை மூடி வைப்பவர்கள் வசந்தத்தில் அல்ல, மூடுவதற்கு முன்பே மாற்ற வேண்டும். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் மாதக்கணக்கில் பேரிங்கில் ஊறக் கூடாது.

ஏர் ஃபில்டரை 30,000 மைலில், தூசி ஊரில் அதில் பாதியில் மாற்றலாம். எஸ்2000-ல் காற்றளவு சென்சார் இல்லை, அழுத்த சென்சார் மட்டுமே. எனவே ஆயில் தடவிய பருத்தி ஃபில்டர் சென்சாரைக் கெடுக்கும் என்ற பயம் இந்தக் காருக்குப் பொருந்தாது. அதைத் தவிர்க்கச் சொல்ல வேறு காரணம் உண்டு. கழுவி, முழுசாகக் காயவிட்டு, ஆயிலைச் சீராகத் தடவினால்தான் அது தூசியைப் பிடிக்கும். அந்தப் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பெட்டியைக் கழற்றிவிட்டு மாட்டும் திறந்த கூம்பு ஃபில்டர் சத்தத்தைக் கூட்டும். நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் அறையின் சூட்டுக் காற்றையே இழுத்து, கிடைத்த சக்தியையும் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஏர் ஃபில்டர் உண்மையில் தூசியைத் தடுக்கிறதா என்பதைப் பயன்படுத்திய ஆயிலே சொல்லும். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அறிக்கையில் சிலிக்கான் அளவு வரும். சிலிக்கானோடு அலுமினியமும் இரும்பும் சேர்ந்து ஏறினால் எங்கோ தூசி உள்ளே போகிறது: பெட்டி மூடியின் கிளிப், ஃபில்டர் விளிம்பு, இன்டேக் குழாயின் கிளாம்ப் என்ற வரிசையில் தேடுங்கள். சிலிக்கான் மட்டும் தனியாக ஏறி, அண்மையில் கேஸ்கட் பசை போட்டு ஏதாவது மூடியிருந்தால் அது பசையிலிருந்து வந்தது. அடுத்த ஆயிலில் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.